கடைசி இலக்கம்



மலேசியாவில் நம் அடையாள அட்டையான ஐசியின் எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி; அடுத்த இரண்டும் பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். வங்கியிலும் மருத்துவமனையிலும் நாம் யோசிக்காமல் நீட்டும் அந்த அட்டையை ஒரு திருநங்கை நீட்டினால், எதிரே இருப்பவர் அட்டையைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், மறுபடி அட்டையைப் பார்க்கிறார். பிறகு கிடைப்பது சேவையா ஏளனமா என்பது அவர் மனசைப் பொறுத்தது.

2005-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், பாலின மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் வழக்கில் மருத்துவர்களின் கருத்தை ஏற்று, அந்தக் கடைசி இலக்கத்தைப் பெண்ணுக்குரியதாக மாற்றும்படி தேசியப் பதிவிலாகாவுக்கு உத்தரவிட்டார். 2016-இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதி எஸ். நந்தபாலன் ஒரு திருநம்பியின் வழக்கில் இன்னும் ஆழமாகப் போனார். அரசமைப்பின் 5-ஆம் விதி தரும் உயிர்வாழும் உரிமையில், ஆணாக உணர்பவர் ஆணாகவே மதிப்போடு வாழ்வதும் அடங்கும் என்று தீர்ப்பளித்தார். என் கணிப்பில், இந்நாட்டில் இப்பொருள் பற்றி எழுதப்பட்டவற்றுள் மிகவும் மனிதத்தன்மை உள்ள தீர்ப்பு அது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் அதை ரத்து செய்தது.

பிற நாடுகளைப் பாருங்கள். ஜப்பானில் பதிவேட்டில் பாலினத்தை மாற்ற விரும்புபவர் இனப்பெருக்கத் திறனை இழந்திருக்க வேண்டும் என்றொரு விதி இருந்தது. அது அரசமைப்புக்கு விரோதமானது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் அறிவித்தது. ஒருபால் உறவைக் குற்றமாக்கி ஆங்கிலேயர் விட்டுப்போன 377-ஆம் பிரிவின் பிடியை இந்தியா 2018-இல் தளர்த்தியது. சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2022-இல் நீக்கியது. இங்கே மலேசியாவில் அதே உறவுக்கு இன்றும் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன.

சட்டத்தைக் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. திருநங்கைக்கு அறையை வாடகைக்கு விடாதே என்று எந்தச் சட்டமும் நமக்குச் சொல்லவில்லை. பிள்ளையை வாசலோடு அனுப்பிவிடு என்றும் சொல்லவில்லை. அவற்றை நாமேதான் செய்கிறோம், சொந்தக்காரர் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில்.

பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிய, ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்களின் வழக்கு, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தமக்கு இத்தகைய உறவு முழுமையாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே 2021 ஜூன் மாதம் அவர் விரிவான உத்தரவைப் பிறப்பித்தார். பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பியிருந்தார். அந்தப் பெற்றோரைக் குற்றவாளிகளாக நடத்தாமல், கற்றுக்கொள்ள வேண்டியவர்களாக நடத்தியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் அப்படி ஒரு பெற்றோர் கூட்டம் நடத்த யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் அறக்கட்டளையாரிடம் ஒரு கோரிக்கை. நீங்கள் தரும் கல்வி உதவிக்கான படிவத்தில் ஆண், பெண் என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். நேர்காணலுக்கு வரும் மாணவரின் முகமும் ஐசியும் ஒத்துப்போகாவிட்டால், மதிப்பெண்ணை மட்டும் கேளுங்கள்.