கணைய வியாதியும் படப் பரிசோதனையும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலுள்ள நம்மவர் இல்லங்களில் தீராத வயிற்று நோவு கண்டால், "பெரிய ஸ்கேனாகவே எடுத்துவிடுவோம்" என்று நகையை அடகு வைக்கவும் துணிகின்றோம். விலையுயர்ந்த படமே உத்தமமான படம் என்று எண்ணலாகாது. எதை அறிய வேண்டுமோ அதற்கேற்ற படமே உத்தமம். இதனையே இன்று கூற முன்வந்தோம்.

கணையமாவது இரைப்பைக்குப் பின்னே மறைந்து கிடக்கும் உறுப்பு. சீரண நீரையும் இன்சுலினையும் சுரப்பது அதுவே. கைவைத்துப் பார்த்து அறிய இயலாதாகையால் படத்தின் உதவி வேண்டியதாகின்றது.

மேல்வயிற்றில் திடீரெனக் கடும் நோவு தோன்றி முதுகுக்கு ஊடுருவினால் கணைய அழற்சியாக இருக்கலாம். பித்தப்பைக் கல்லும் மதுபானமும் இதற்கு முக்கிய காரணங்கள். நோவின் தன்மை, இரத்தத்தில் லைபேஸ் அல்லது அமிலேஸ் மும்மடங்குக்கு மேல் உயர்தல், படத்தில் காணும் குறி ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் நோய் நிச்சயமாகும். ஆதலின் முதலிரண்டும் பொருந்தியவருக்கு முதல் நாளே சி.டி. ஸ்கேன் அவசியமன்று, திசு அழிவு அதில் தெளிவாய்ப் புலப்பட 3, 4 நாட்கள் செல்லும். பித்தக்கல் உண்டா என்றறியச் செலவு குறைந்த அல்ட்ராசவுண்டே முதலில் வேண்டும். நோய் சந்தேகமாயிருந்தாலும், நோயாளி நலிந்தாலும் சி.டி.யைத் தாமதிக்கலாகாது.

மதுவைத் தொடாத இளைஞருக்கும் கணையத்தில் கல் கட்டி, நோவும் நீரிழிவும் வருவதுண்டு. 1959-ல் இந்தோனேசியாவில் சுய்டெமா இதனை எடுத்துரைத்தார். பின்னர் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்தார். பெரிய கற்கள் சாதாரண எக்ஸ்-ரேயிலேயே தெரியும், சி.டி. இன்னும் தெளிவாய்க் காட்டும். குழாயின் அடைப்பையறிய, கதிர்வீச்சில்லாத எம்.ஆர்.சி.பி. ஏற்றது. ஆரம்ப மாறுதல்களுக்கும் சிறு கட்டிகளுக்கும் எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் உதவும். இ.ஆர்.சி.பி.யோ கணைய அழற்சியையே உண்டாக்கக் கூடுமாதலால், இந்நாளில் பெரும்பாலும் சிகிச்சைக்கே பயன்படுகின்றது.

இனி, மிகவும் அஞ்சத்தக்கது புற்றுநோய். நோவின்றி வரும் மஞ்சட்காமாலை, காரணமற்ற இளைப்பு, 50 வயதுக்குமேல் இளைப்புடன் புதிதாய்த் தோன்றும் நீரிழிவு இவற்றை வாயுவென்றும் சூடென்றும் தள்ளி வைக்கலாகாது. அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்றதும் நிம்மதி கொள்ளவும் ஆகாது; குடலிலுள்ள காற்று கணையத்தை மறைத்துவிடும். இங்கே வைத்தியர் சொல்லும், மருந்தேற்றி எடுக்கும் சி.டி.க்குச் செலவழிப்பது வீணன்று.

சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், மருந்தொவ்வாமை, தேகத்தினுள் உலோகக் கருவி இவை இருப்பின் படமெடுக்குமுன் சொல்லிவிடுக. பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரப்படுத்தி எடுத்துச் செல்லுக. "ஐயா, இந்தப் படத்தால் எதை அறியப் போகிறீர்கள்?" என்று பணிவுடன் கேட்பது அவமரியாதையன்று.

1823-ல் பிரெஞ்சுக்காரர் வைத்தியப் பள்ளி நிறுவிய ஊர் நமது புதுச்சேரி. அதன் வழிவந்த ஜிப்மர் 1964 முதல் நம் அருகிலேயே நிலைபெற்றிருக்கின்றது. அடகுக் கடைக்குப் போகுமுன் வைத்தியரிடம் போவோம். சாராயக் கடைக்கோ போகாதிருப்போம். நம் குடும்பங்கள் தழைக்கட்டும்!