யூரேசியாவும் நாமும்
(ஆவடி அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

'யூரேசியா' என்றதும், இது பட்டணத்துப் பேராசிரியர்கள் விவகாரம், ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இதில் என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது!

ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்த நிலப்பரப்பே யூரேசியா. சர்வதேச அரசியலில் இச்சொல் பெரும்பாலும் முன்னாள் சோவியத் பிரதேசத்தைக் குறிக்கிறது. இந்நிலப்பரப்பின் நடுப்பகுதியே உலக அரசியலின் அச்சு என்று 1904-ல் லண்டனில் மாக்கிண்டர் என்ற பூகோள அறிஞர் சொன்னார். எந்த வல்லரசு இதை ஆளும் என்பதே அவர் கவலை. நம் கேள்வி வேறு: அங்கே உழைப்பவன் யார், பலனை அனுபவிப்பவன் யார்?

நம் ஆவடியையே பாருங்கள். இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளிவந்த விஜயந்தா டாங்கி பிரிட்டிஷ் வடிவமைப்பு. 1980-களில் சோவியத் டி-72 இங்கே உற்பத்தியாயிற்று. 1991-ல் சோவியத் யூனியன் சிதைந்து 15 நாடுகளாயிற்று. 2001-ல் டி-90 டாங்கிக்கு ஒப்பந்தம் செய்தபோது, எதிரே உட்கார்ந்தது முதலாளித்துவ ரஷ்யா. டாங்கியின் வம்சம் ஒன்றுதான். விற்பவனின் வர்க்கம் மாறிவிட்டது. பழைய பாசம் இந்த உண்மையை மறைத்துவிடக் கூடாது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. நேட்டோ ராணுவக் கூட்டு கிழக்கே விரிந்துகொண்டே போனது உண்மை. அதனால் படையெடுப்பு நியாயமாகிவிடாது. மடிந்தவர்கள் இரு பக்கமும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். இங்கே நம் அடுப்படியில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிற்று. ரஷ்யாவும் பெலாரசும் பெருமளவில் விற்கும் பொட்டாஷ் உரமும் விலை ஏறிற்று. பூந்தமல்லிப் பக்கத்து வயலில் உரச் செலவு கூடினால், நிலச் சொந்தக்காரர் முதலில் கைவைக்கப் பார்ப்பது கூலியில்தான்!

2019-ல் சென்னைக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் கடல் வழி திறக்க இரு அரசுகளும் கையெழுத்திட்டன. 2021-ல் 41 படைத்தளவாடத் தொழிற்சாலைகள் 7 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. அங்கே வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தந்த சட்டமும் அதே ஆண்டு வந்தது. தூரதேசத்தோடு ஒப்பந்தம் போடுவோர், பட்டறையில் நிற்பவனின் வாயைக் கட்டப் பார்க்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, பத்திரிகையில் எந்த ஒப்பந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம். எந்தப் பொருள் போகிறது, எது வருகிறது? லாபம் யாருக்கு? யுத்தம் மூண்டால் யார் பிள்ளை சாவான்? இந்தக் கேள்விகளோடு தேசப்படத்தை விரித்தால், அம்பத்தூர்ப் பட்டறையும் அதில் ஓர் இடம் என்பது விளங்கும். அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் பக்கத்து மெஷின் தோழர் ஒருவரை, பக்கத்து வயல் தோழர் ஒருவரை அழைத்து வருவோம்.

உலக சமாதானம் ஓங்குக! உழைப்பாளர் ஒற்றுமை ஓங்குக!