வாட்ச்ல 210: சென்சார் உளறுதா, இதயம் ஓடுதா?

இந்த எபிசோடு லாங் ரன் ஓடுறவங்களுக்கும் சைக்கிள் மிதிக்கிறவங்களுக்கும்.

ரன் முடிச்சு வந்து ஆப்பைத் திறக்கறீங்க. 150-ல சீரா போயிட்டிருந்த ஹார்ட் ரேட் கோடு நடுவுல செங்குத்தா 210-க்கு ஏறி நிக்குது. ரன்னிங் குரூப்ல ஸ்கிரீன்ஷாட் போட்டா ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "வாட்ச் கிளிட்ச், விடு ப்ரோ." இன்னொண்ணு, "உடனே ஹாஸ்பிடல் போ." ரெண்டுமே அந்தக் கோட்டைச் சரியாப் பார்க்காம சொல்ற பதில்.

முதல்ல சென்சார் எப்படி ஏமாறுதுன்னு பார்ப்போம். வாட்ச்சுக்கு அடியில இருக்கிற பச்சை லைட், தோலுக்குக் கீழே ரத்தம் ஏறி இறங்குறதை வெளிச்சத்தோட மாற்றமா படிக்குது. ஓடும்போது கையும் தாளமா ஆடுது. ஸ்ட்ராப் லூசா இருந்தா, அல்காரிதம் இதயத்துடிப்பை விட்டுட்டு உங்க காலடியை எண்ண ஆரம்பிச்சிடும். இதுக்கு கேடன்ஸ் லாக்னு பேர். நிறைய பேர் நிமிஷத்துக்கு 160-லிருந்து 180 அடி வைக்கிறோம், அதனால வர்ற எண்ணும் நம்பற மாதிரியே இருக்கும். கண்டுபிடிக்கிறது சுலபம். ஆப்புல ஹார்ட் ரேட் கோட்டையும் கேடன்ஸ் கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வைங்க. ஒட்டிக்கிட்டே போனா அது இதயம் இல்ல, கால்.

மார்புல கட்டுற ஸ்ட்ராப் மின் சிக்னலைப் படிக்கிறதால அதைவிட நம்பகம். ஆனா வியர்வை வர்றதுக்கு முன்னாடி, காய்ஞ்ச தோலும் படபடக்குற பாலியஸ்டர் டி-ஷர்ட்டும் சேர்ந்தா முதல் சில நிமிஷம் அதுவும் கன்னாபின்னான்னு காட்டும். எலக்ட்ரோடை ஈரப்படுத்திட்டுக் கட்டினா பெரும்பாலும் சரியாயிடும்.

வெயில்ல ஒரே வேகத்துல ஓடியும் ஹார்ட் ரேட் கொஞ்சம் கொஞ்சமா ஏறுறது வேற விஷயம். அது சரிவு மாதிரி ஏறும். செங்குத்தா ஏறாது.

சரி, செங்குத்தா ஏறினது நிஜமாவே இதயமா இருந்தா? லெனார்ட் ஜின் அமெரிக்க சைக்கிள் உலகத்துல பெரிய பேர். சைக்கிள் பராமரிப்பு பத்திப் புத்தகங்கள் எழுதினவர். 2013 ஜூலைல, கொலராடோவுல போல்டர் பக்கத்துல இருக்கிற ஃப்ளாக்ஸ்டாஃப் மலைல ஏறிட்டிருந்தார். மானிட்டர்ல 155 இருந்தது, 218-க்குத் தாவி அங்கேயே நின்னுது. அப்போ அவருக்கு வயசு ஐம்பதுக்கு மேல, அந்த வயசுக்கு அது நடக்கக்கூடாத எண். கருவி பொய் சொல்லல. இதயத்தோட மேலறைகள்ல பல இடத்திலிருந்து தப்பான சிக்னல் கிளம்புற ஒரு கோளாறுன்னு பின்னாடி தெரிஞ்சுது. இதய மின் நிபுணர் ஜான் மண்ட்ரோலாவோட சேர்ந்து அவர் எழுதின 'தி ஹேவயர் ஹார்ட்' இதிலிருந்து வந்ததுதான்.

இளவயசுக்காரங்க கிட்டயும் பார்க்கிறது எஸ்.வி.டி. இதயத்துக்குள்ள ஒரு கூடுதல் மின்பாதை இருந்து, சிக்னல் அதுல இன்ஃபினிட் லூப் மாதிரி சுத்தும். பெரும்பாலும் ஒரே துடிப்புல ஆரம்பிச்சு ஒரே துடிப்புல நிக்கும். நடுவுல கோடு மேஜை மாதிரி தட்டையா இருக்கும். முக்கியமான வித்தியாசம் இதுதான்: நீங்க ஓடுறதை நிறுத்தினாலும் அது உடனே இறங்காம அடம்பிடிக்கலாம். கேடன்ஸ் லாக் கால் நின்னதும் விட்டுடும்.

அதனால அடுத்த தடவை வந்தா ஓடிக்கிட்டே வாட்ச்சை முறைச்சுப் பார்க்காதீங்க. நில்லுங்க. கழுத்துல ரெண்டு விரல் வெச்சு 15 வினாடி எண்ணி நாலால பெருக்குங்க. எண்ணவே முடியாத வேகம்னா, இல்ல தாளமே இல்லாம தடுமாறினா, அது சென்சார் பிரச்சினை இல்ல. ஈ.சி.ஜி. எடுக்கிற வாட்ச் இருந்தா அந்த நேரத்துலயே 30 வினாடி பதிவு பண்ணிடுங்க. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் கூட வந்தா டேட்டா எல்லாம் அப்புறம், 108-க்கு போன் பண்ணுங்க. ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தாலோ, டாக்டரைப் பார்க்காம அடுத்த ரன் வேண்டாம்.

"ஈ.சி.ஜி. எடுத்தேன், நார்மல்னுட்டாங்க" என்ற மெசேஜ் எனக்கு அடிக்கடி வருது. இன்டர்மிட்டன்ட் பக் மாதிரிதான் இது. எபிசோடு இல்லாத நேரத்துல எடுத்தா நார்மலாத்தான் வரலாம். மூணு வாரத்துக்கு ஒரு தடவை வர்றதை 24 மணி நேர ஹோல்டர் பிடிக்கும்னு எதிர்பார்க்க முடியாது. இன்னும் நிறைய நாள் போட்டுக்கிற மானிட்டர் இருக்கான்னு கேளுங்க, டிரெட்மில் டெஸ்ட் வேணுமான்னும் கேளுங்க.

பயமுறுத்த இதைச் சொல்லல. ஸ்வீடன்ல 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி, வாசலோப்பெட். அதை முடிச்ச 52,755 பேரைத் தொடர்ந்து பார்த்து 2013-ல வந்த ஆய்வுல, அதிக தடவை கலந்துக்கிட்டவங்களுக்கும் வேகமா முடிச்சவங்களுக்கும் துடிப்புக் கோளாறு கொஞ்சம் அதிகம். ஆனா உயிருக்கு ஆபத்தான கீழறைக் கோளாறு அந்த மாதிரி கூடல. ரன்னிங்கை விடுங்கன்னு யாரும் சொல்லல. "நான் ஃபிட், எனக்கெல்லாம் வராது" என்பது மட்டும் வாதமே இல்ல.

டாக்டர்கிட்ட போகும்போது ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. எந்த நிமிஷத்துல ஆரம்பிச்சது, எவ்வளவு நேரம் நின்னுது, திடீர்னு இறங்குச்சா மெதுவாவா, கையிலயா மார்புலயா சென்சார், அன்னைக்குத் தூக்கம், காபி, காய்ச்சல், மாத்திரை. ஒரே பக்கத்துல எழுதிக் கொண்டு போங்க.