சுவரைக் கழுவும் முன் செடியை நனையுங்கள்
(பொங்கல் கால வீட்டுச் சுத்தம் குறித்த உரையின் எழுத்து வடிவம்)

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழி பிறந்ததும் புதுக்கோட்டைப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே காட்சிதான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கறுப்புக் கோடு கோடாக இறங்கியிருக்கும். வடக்குப் பார்த்த சுவரில் பச்சைப் பாசி. பொங்கலுக்குள் வெள்ளையடிக்க வேண்டும், அதற்கு முன்னாடி இதைக் கழுவ வேண்டும். உடனே கடைக்குப் போய் பிளீச்சிங் பவுடர் ஒரு பாக்கெட், ஆசிட் ஒரு பாட்டில் வாங்கி வந்துவிடுகிறோம்.

சுவர் வெளுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுவரில் ஊற்றியது எங்கே போகிறது? நேரே கீழே இறங்கும். அங்கே செம்பருத்தி இருக்கும், கறிவேப்பிலை இருக்கும், வாசல் ஓரம் மல்லிகைப் பந்தல் இருக்கும். அதையும் தாண்டினால் மழைநீர் சேகரிப்புக் குழி. அதற்கப்புறம் உங்கள் கிணறு, இல்லையென்றால் ஆழ்துளைக் கிணறு.

ஒரு சின்னக் கணக்கு பாருங்க. குழாய்க் குடிநீரில் கிருமியைக் கொல்ல இருக்க வேண்டிய குளோரின், லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம். புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின். அதில் 30 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால், லிட்டருக்குச் சுமார் 10,000 மில்லிகிராம் வருகிறது. குடிநீரில் இருப்பதைவிட ஏறக்குறைய 50,000 மடங்கு! இலையில் இது பட்டால் ஓரம் கருகும், நடுவில் வெள்ளைத் திட்டு விழும். வேருக்குப் போனால் சேதம் இன்னும் பெரிது, வெளியே தெரியவும் நாளாகும்.

நம் மாவட்டத்தில் வீட்டு மரம் என்பது அழகுக்கு வைத்தது மட்டும் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் ஆலங்குடி, அறந்தாங்கி, கீரமங்கலம் பக்கம் எத்தனை தென்னையைச் சாய்த்தது என்பது உங்களுக்கே தெரியும். அதன் பிறகு வீட்டுக் கொல்லையில் வைத்த நெட்டை ரகக் கன்றுகள் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். இத்தனை வருடம் தண்ணீர் சுமந்து வளர்த்த மரத்தின் அடியில், அரை நாள் சுத்தத்துக்காகப் பிளீச்சிங் கரைசலைத் தேங்க விடலாமா?

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. தென்னைக்கும் வாழைக்கும் நாம் வெட்டும் வட்டப் பாத்தி, தண்ணீர் ஓடிவிடாமல் நிற்கத்தான். சுவர் கழுவும் அன்று அதே பாத்தி ரசாயனத் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் முதல் நாள் மாலையே சுவர்ப் பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு மண் அணைத்துவிடுங்கள். கழுவும் தண்ணீர் செடி இல்லாத, கிணற்றுக்குத் தூரமான வெற்றுத் தரைக்குப் போகிற மாதிரி மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் இழுத்தால் போதும். திறந்த தரையில் வெயில் பட்டால் குளோரின் சீக்கிரம் சிதைந்துவிடும். ஊரணிக்குப் போகிற வரத்து வாய்க்காலில் மட்டும் திருப்பிவிடாதீர்கள். மீனுக்கு மிகக் கொஞ்சம் குளோரினே ஆபத்து, ஆடு மாடும் அங்கேதான் குடிக்கும்.

அடுத்தது தண்ணீர். காய்ந்த மண் எது வந்தாலும் உறிஞ்சும். ஏற்கெனவே நன்றாக நனைந்த மண்ணில் அதற்கு இடம் குறைவு, உள்ளே போவதும் நீர்த்துத்தான் போகும். ஆகவே முதல் நாள் மாலை ஒரு தடவை, வேலை ஆரம்பிக்கும் முன் இன்னொரு தடவை வேர் வரைக்கும் தண்ணீர் விடுங்கள். இலைகளையும் நனையுங்கள். தொட்டிச் செடிகளை வேறு பக்கம் நகர்த்தி வையுங்கள். நகர்த்த முடியாததைப் பழைய வேட்டி, பருத்திப் புடவை கொண்டு மூடலாம். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மத்தியானம் வரை விட்டுவிட்டால், நம்ம ஊர் வெயிலில் ரசாயனமே தேவையில்லை, செடி உள்ளேயே வெந்துவிடும். வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக் போட்டால், அந்தப் பகுதி முடிந்த உடனே எடுத்துவிடுங்கள். காற்று இல்லாத விடியற்காலை இதற்கு நல்ல நேரம்.

மழைநீர்க் குழாயை மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஜீவநதி இல்லாத இந்த மாவட்டத்தில் அந்தக் குழியின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. மொட்டைமாடியைக் கழுவும் முன் குழாயின் கீழ்ப் பகுதியைக் கழற்றி வெளியே திருப்புங்கள். கழற்ற முடியாவிட்டால் வாயைத் துணி மூட்டையால் அடைத்து, தண்ணீரை வாளியில் அள்ளி வெளியே கொட்டுங்கள். முடித்துவிட்டு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிய பிறகுதான் மறுபடி இணைக்க வேண்டும். மழை வரும்போல் இருந்தால் அன்று வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

இனி மருந்து. முதலில் தென்னை நார் பிரஷும் வெறும் தண்ணீரும் போட்டுத் தேயுங்கள். பாசியில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். மிச்சம் நிற்கிற கறைக்கு மட்டும், லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் கரைத்து, ஒரு முழ அளவு இடத்தில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். ஓஸ் பைப்பைப் பிடித்து அடிப்பதைவிட இதில் கீழே இறங்கும் தண்ணீர் எவ்வளவோ குறைவு. கை வலிக்கும்தான், ஆனால் செடி பிழைக்கும்.

ஆசிட் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அது செடியை மட்டும் கெடுப்பதில்லை, சுண்ணாம்பையே கரைக்கும். திருமயம் வட்டத்தில் ராயவரம், கடியாபட்டி போன்ற ஊர்களில் பழைய செட்டிநாட்டு வீடுகள் வைத்திருப்பவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சுவர்களின் பளபளப்பு சுண்ணாம்புப் பூச்சில்தான் இருக்கிறது. ஆசிட் பட்ட இடத்தில் அது போய்விடும், அதே மாதிரி திரும்பப் பூச ஆள் கிடைப்பது லேசில்லை. கம்பி பிரஷும் அங்கே ஆகாது.

பிளீச்சிங்கும் ஆசிடும் சேர்ந்தால் இன்னும் நன்றாக வெளுக்கும் என்று யாராவது சொன்னால், அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும். அப்படி நேர்ந்தால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வந்து 108-ஐ அழையுங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் விடாமல் சுத்தமான தண்ணீரில் கழுவிய பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். கூலிக்கு ஆள் வைத்துச் செய்தாலும் கையுறையும் கண்ணாடியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், அவர் கேட்க மாட்டார்.

வேலை முடிந்ததும் துணியை எடுத்துவிட்டு இலை, தண்டு, வேர் எல்லாவற்றுக்கும் மறுபடி நல்ல தண்ணீர். இரண்டு மூன்று நாளில் இலை கருகினால் அவசரப்பட்டு உரம் போடாதீர்கள், வெட்டவும் வேண்டாம். வேர் நன்றாக இருந்தால் துளிர் வரும். வெள்ளையடித்த சுண்ணாம்பு சிந்திய இடத்தில் இட்லிப்பூச் செடியின் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவு. மேல் மண்ணில் படிந்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு மக்கிய தொழு உரம் போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கைபேசியிலேயே கேட்கலாம். உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551, தமிழில் பேசலாம். உழவன் செயலியும் இருக்கிறது. நேரில் காட்ட வேண்டுமானால் வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கருகிய இலையோடு, எந்த மருந்து, எவ்வளவு கலந்தீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள், பாக்கெட்டைப் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. கிணற்றுத் தண்ணீரில் வாடை மாறியிருந்தால் குடிக்காமல், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். தண்ணீர் எடுக்கும் முன் எந்தப் பாட்டிலில், எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அங்கே கேட்டுவிடுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய குளிர்பான பாட்டிலில் பிடித்துப் போனால் முடிவு சரியாக வராது.