தலைச்சுமையும் சட்டச் சொல்லும்



அகமதாபாத் நகரின் மணிநகர்ப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பஞ்சாலை வேலையை நாடிச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களுள் பலர். அனசூயா சாராபாய் அம்மையாரும் காந்தியடிகளும் முன்னின்று 1920-இல் தோற்றுவித்த ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாறு அவர்களுக்குப் புதிதன்று. எனினும், நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள், ஆலைக்குள் நெய்தவர்களைப் பற்றியதன்று; நெய்த துணியை வீதியிலே தலையில் சுமந்த பெண்களைப் பற்றியது.

1971-ஆம் ஆண்டில் அந்நகரின் மொத்தத் துணிக் கடைவீதியில் கைவண்டி இழுத்தும் சுமை தூக்கியும் பிழைத்து வந்த பெண்கள், சங்கத்தின் மகளிர் பிரிவை நடத்திவந்த வழக்கறிஞர் இலா பட் அம்மையாரிடம் வந்து முறையிட்டனர். அவர்களுக்குக் கூலி, நடைக்கு இவ்வளவு என்பது. மூட்டையின் கனமும் போகவேண்டிய தூரமும் கணக்கில் வாரா. எத்தனை நடை நடந்தனர் என்பதற்கும் ஏடு கிடையாது. வியாபாரி சொன்னதே கணக்கு. அம்மையார் இதைச் செய்தித்தாள் ஒன்றில் எழுதினார். வியாபாரிகள் சினங்கொண்டு, தாங்கள் நியாயமான கூலியே தருவதாக மறுப்பு வெளியிட்டனர். சங்கத்தாரோ அந்த மறுப்பில் வியாபாரிகளே கூறியிருந்தவற்றைச் சிறு அட்டைகளில் அச்சிட்டுச் சுமைகாரப் பெண்களின் கையிலே கொடுத்துவிட்டனர்! கூலி கேட்கும்போது காட்டுவதற்கு அதைவிட நல்ல சாட்சியம் வேறு ஏது?

அப்பெண்களும் அவர்களைப் போன்ற பிறரும் கூடித் தமக்கென ஒரு சங்கம் வேண்டும் என்றபோதுதான் உண்மையான சிக்கல் எழுந்தது. தொழிலாளர் துறையினர் பதிவு செய்ய மறுத்தனர். முதலாளி என ஒருவர் இல்லாதவிடத்து, யாரை எதிர்த்துச் சங்கம் என்பது அவர்கள் கேள்வி. சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் ஏற்படுவதன்று, உழைப்போர் ஒன்றுபடுவதற்காகவும் ஏற்படுவது என்று இவர்கள் வாதாடினர். 1972 ஏப்ரல் மாதத்தில் பதிவு கிடைத்தது. சுயதொழில் மகளிர் சங்கமாகிய ‘சேவா’ தோன்றிய வரலாறு இதுவே. அதன் உறுப்பினர் தொகை இன்று 20 லட்சத்தைத் தாண்டியுள்ளது. 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு செலுத்திக் கூட்டுறவு வங்கி ஒன்றும் நிறுவினர். கையெழுத்திடத் தெரியாதவர்க்கு வங்கிக் கணக்கு எப்படி என்ற தடைக்கு விடையாக, கணக்குப் புத்தகத்திலே அவர்களுடைய நிழற்படத்தை ஒட்டினர்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு, பதிவு மறுக்கப்பட்ட அந்நிகழ்ச்சி தனிப்பட்ட அக்கறைக்குரியது. ‘தொழிலாளி’ என்னும் ஒரு சொல்லின் வரையறையே அங்கு வழியை மறித்து நின்றது. இன்னொன்றையும் பாருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையை ஏற்றது; அது, தம் வீட்டிலேயே இருந்து பிறருக்காகப் பீடி சுற்றுவோர், துணி தைப்போர் முதலியோரைப் பற்றியது. 2011-இல் ஏற்ற 189-ஆம் உடன்படிக்கை, பிறர் வீட்டிற்குச் சென்று பாத்திரம் துலக்குவோரையும் சமைப்போரையும் பற்றியது. ‘வீட்டு வேலை’ என்று தமிழில் பொதுவாக எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். போதாக்குறைக்கு, குடும்பத்தலைவி கூலியின்றிச் செய்வதும் அதே வீட்டு வேலைதான்! இவ்விரு உடன்படிக்கைகளையும் நம் நாடு இதுவரை உறுதிப்படுத்தவில்லை.

சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை நாம் முன்னரே ஒப்புக்கொண்டோம். 1951-ஆம் ஆண்டின் 100-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1958-இல் உறுதிப்படுத்தியது. 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. பின்னர் அது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் சமம் என்று ஒப்பிட, பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் ஓர் ஆண் இருக்கவேண்டுமன்றோ? அடுக்களையின் மூலையில் தனியே அமர்ந்து நூறு உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவள் யாருடன் தன்னை ஒப்பிடுவாள்? அவளுக்கு முதலில் வேண்டுவது, உருப்படிக்கு ஒரு குறைந்தபட்ச விலையும், கொடுத்ததற்கும் பெற்றதற்கும் ஓர் ஏடும் என்பதே நம் கருத்து.

பம்பாய்த் தாராவியில் விடியுமுன் இட்லி அவித்துக் கூடையிலே அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவ்வேலையில் பாதிக்குமேல் பெண்களின் கைதான். டில்லியில் நம் போன்ற உத்தியோகஸ்தர் வீடுகளில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களும் பலர். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய ‘இ-ஷ்ரம்’ பதிவேட்டில், அமைப்புசாரா உழைப்பாளர் 16 வயதுமுதல் 59 வயதுவரை உள்ளோர் ஆதார் எண்ணைக் கொண்டு பதிவு செய்துகொள்ளலாம். பதிந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். கிடைக்கும் 12 இலக்க எண் எல்லா மாநிலத்திற்கும் பொதுவானது. ஊர் மாறினாலும் மாறாது. பதியும்போது ‘என்ன தொழில்’ என்று கேட்பார்கள். ‘சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்’ என்று சொல்லிவிட வேண்டாம் என, அடுப்படியில் அப்பளம் இடும் உங்கள் அண்டை வீட்டு அம்மாளுக்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலேயே வேலை செய்யும் பெண்ணுக்கு அப்படிவத்தை நிரப்பிக் கொடுக்க அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.