மனிதனுக்கு மாற்றாக மண்பாவை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கல்வியிற் சிறந்தோர் பலர் அமர்ந்துள்ள இவ்வவையில், மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் நம்மையும் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள், சீன நாட்டுப் பழங்கல்லறைகளில் கிடைக்கும் வண்ண மண்பாவை. ரயில்வே எழுத்தனுக்கும் சீனக் கல்லறைக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் புன்னகை புரியலாம். தொடர்பு உண்டு. இப்பாவைகள் பல உலகின் கண்ணிற்படக் காரணமாயிருந்தது ஓர் இருப்புப் பாதையே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீனத்தின் ஹோனான் மாநிலத்தில் கைபெங் நகரையும் லோயாங் நகரையும் இணைக்கும் ரயில் பாதை அமைக்கப்பட்டது. 1909-ஆம் ஆண்டு அது நிறைவெய்தியது. லோயாங்கின் வடபால் மாங் என்னும் மண்குன்றுகள் உள்ளன. பல நூற்றாண்டுகளாக அரசரும் பெருங்குடியினரும் அடக்கமான இடம் அது. பாதைக்காக மண்ணை வெட்டியபோது கல்லறைகள் திறந்தன. குதிரை, ஒட்டகம், பணிப்பெண், இசைவாணர், காவலர் என மண்பாவைகள் வெளிவந்தன. பிணத்தோடு புதைத்த பொருளை வீட்டில் வைத்தல் ஆகாது என்பது சீன மக்களின் பழைய எண்ணம். ஆதலின் பழம்பொருள் சேர்க்கும் சீனச் செல்வரும் அவற்றை அதுகாறும் நாடவில்லை. வெளிநாட்டு வணிகரோ விரும்பி வாங்கினர். லோ சென்யூ என்னும் சீன அறிஞர் 1916-இல் இத்தகைய பொருள்களைப் படங்களுடன் நூலாக வெளியிட்டு, அவை ஆராய்ச்சிக்கு உரியன என்று காட்டினார்.

இப்பாவைகள் எதற்காகப் பிறந்தன? இறந்தவர்க்கு மறுவுலகிலும் பணியாளர் வேண்டும் என்பது பண்டைச் சீனர் நம்பிக்கை. ஷாங் மரபினர் ஆண்ட காலத்தில், ஆன்யாங் அருகே அரசர் கல்லறைகளில் மனிதரையே கொன்று புதைத்தனர். எலும்புகள் இன்றும் அதற்குச் சான்று. கி.மு. 621-இல் சின் நாட்டு மூ கோமான் மறைந்தபோது, 177 பேர் அவரோடு அனுப்பப்பட்டனர் என்று சீன வரலாற்று நூல் கூறுகிறது. அதே நாட்டில் கி.மு. 384-இல் சியென் கோமான் இவ்வழக்கத்தைத் தடை செய்தார். மனிதர் நின்ற இடத்தில் மரத்தாலும் மண்ணாலும் ஆன உருவங்கள் நிற்கும் வழக்கம் மெல்ல மெல்லப் பரவியது.

இதனைக் கேட்டதும், "நல்ல மாற்றம்! உயிர் தப்பியது, மண் போயிற்று" என்று மகிழத் தோன்றும். ஆனால் கன்பூசியஸ் பெருமான் மகிழவில்லை. மனித உருவம் செய்து புதைக்கும் வழக்கத்தைத் தொடங்கியவனை அவர் கடிந்ததாக மென்சியஸ் எழுதியுள்ளார். அவ்வுருவம் மனிதனை ஒத்திருந்ததே காரணம். மனிதனைப் போன்ற ஒன்றைக் குழியில் இடப் பழகிய கை, நாளை மனிதனையே இடவும் கூசாது என்பது அதன் உட்பொருள் என நாம் கொள்ளலாம்.

அவர் அச்சம் வீண்போகவில்லை. கி.மு. 210-இல் மறைந்த சின் ஷி ஹுவாங் பேரரசரின் கல்லறை அருகே, 1974-இல் கிணறு தோண்டிய உழவர் கையில் மண்வீரர் சேனை அகப்பட்டதை நம் சிறுவரும் அறிவர். ஏறத்தாழ 8,000 உருவங்கள் இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். அத்தனை மண்வீரர் இருந்தும், பிள்ளையில்லாத அந்தப்புர மகளிர் அவ்வரசரோடு சாகப் பணிக்கப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் சூமா சியென் எழுதுகிறார். பிற்காலத்து மிங் மரபிலும் அக்கொடுமை தலையெடுத்தது. 1464-இல் மறைந்த பேரரசர் ஒருவர் தம் இறுதி விருப்பமாக அதனை நிறுத்தினார். மாற்றுப் பொருள் கிடைத்ததால் மட்டும் மனம் மாறிவிடாது என்பதை இங்கே நாம் உணர்கிறோம்.

இனி, இக்கலை மலர்ந்த தாங் மரபின் காலத்திற்கு வருவோம். அது கி.பி. 618 முதல் 907 வரை. களிமண்ணை இரு பாதி அச்சுகளில் அழுத்தி ஒட்டுவர். தலையைத் தனியே செய்து பொருத்துவர். சூளையில் சுட்டபின் வெண்பூச்சிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டுவர். நம் வீட்டுக் கொலுப் பொம்மை பிறக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே. சுட்டபின் தீட்டிய வண்ணமாதலின் எளிதில் உதிரும். வேறொரு வகையில், ஈயம் கலந்த மெருகைப் பூசி மீண்டும் சுட்டனர். செம்பு பச்சையையும், இரும்பு தேன் நிறத்தையும், கோபால்ட்டு நீலத்தையும் தந்தன. அவ்வகையிலும் முகத்தை மட்டும் பெரும்பாலும் மெருகிடாது விட்டுத் தூரிகையால் தீட்டினர். கண்ணும் புருவமும் உதடும் மெருகில் கரைந்தோடலாகாது அன்றோ?

ரயில்வேயில் சம்பளப் படிக்கேற்பப் பாஸின் வகுப்பு மாறுவதை நாம் அறிவோம். தாங் அரசிலும் அதிகாரியின் படிக்கேற்பக் கல்லறைப் பொருள்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. மூன்றாம் படிக்கு மேற்பட்டோர்க்கு 90, ஐந்தாம் படிக்கு மேற்பட்டோர்க்கு 60, ஒன்பதாம் படி வரையுள்ளோர்க்கு 40. ஆடம்பரம் மிகுந்ததால் 741-இல் இவ்வெண்ணிக்கையைக் குறைத்தனர். 755-இல் ஆன் லூஷான் என்னும் படைத்தலைவன் கலகம் செய்தபின் நாடு நலிந்தது, இக்கலையும் தேய்ந்தது.

இப்பாவைகளுள் நம் மனத்தைக் கவர்வன காவல் தெய்வங்களல்ல. மேலை நாட்டிலிருந்து வந்து குதிரைக் கயிற்றைப் பிடித்து நிற்கும் தாடிக்காரப் பணியாள், குழல் ஊதும் பெண், மூட்டை சுமந்து வாய் திறந்து கனைக்கும் ஒட்டகம், இவையே. வரலாற்று நூல்கள் பேரரசரின் பெயரை எழுதின. குதிரைக்காரன் பெயரை எழுதவில்லை. அவன் முகத்தை வைத்திருப்பது இம்மண் ஒன்றுதான். வனைந்த குயவனோ பெரும்பாலும் பெயரற்றவனாகவே மறைந்தான்.

இன்று இப்பாவைகள் பெருவிலை பெறுகின்றன. அதனால் கல்லறைத் திருட்டும் போலியும் பெருகின. மண் கடைசியாகச் சூளையில் வெந்தது எப்போது என்பதை, அதனைச் சூடாக்கி அது உமிழும் ஒளியை அளந்து அறிஞர் கணிக்கின்றனர். போலி செய்வோரோ பழம்பாவையின் உடைந்த துண்டை ஒட்டி அச்சோதனையையும் ஏமாற்ற முயல்கின்றனர்.

பார்சல் அலுவலகத்தில் சீட்டுக் கிழிந்து, வே-பில் தொலைந்த பெட்டியை நாம் கண்டிருக்கிறோம். உள்ளே பட்டுப் புடவையே இருக்கலாம். ஆயினும் எந்த நிலையத்திலிருந்து வந்தது, அனுப்பியவர் யார், யாருக்கு உரியது என்று சொல்ல வகையில்லை. திருடப்பட்ட கல்லறைப் பாவையின் நிலையும் அதுவே. அழகு இருக்கும், வரலாறு போயிருக்கும்.

சீட்டுக் கிழியாத பாவைகளும் உள. நம் நாட்டின் டில்லி தேசிய அருங்காட்சியகத்து மத்திய ஆசியத் தொகுப்பில், டர்பான் அருகே அஸ்தானா இடுகாட்டிலிருந்து வந்த வண்ணக் களிமண் உருவங்கள் உண்டு. 1915-இல் அவற்றை அகழ்ந்த ஆரல் ஸ்டைன், எக்குழியில் எது கிடைத்தது என்று குறித்து வைத்தார். அவர் அவற்றை எடுத்துச் சென்றது முறைதானா என்று சீன அறிஞர் கேட்பது நியாயமான கேள்வியே. எனினும் குறிப்பு இருப்பதால், அவை எந்த மண்ணைச் சேர்ந்தவை என்பதேனும் மறையவில்லை.

தாய்மார்களே, பெரியோர்களே! நம் பிள்ளைகளை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும்போது, "இதன் விலை என்ன?" என்று கேட்கப் பழக்க வேண்டா. "இஃது எங்கிருந்து வந்தது? இதனைச் செய்தவர் யார்? எந்த மனிதனுக்கு மாற்றாக இது குழியில் நின்றது?" என்று கேட்கப் பழக்குவோம். அக்கேள்வி பிறக்கும் மனத்தில், பக்கத்தில் நிற்கும் உழைப்பாளியை மண்ணாக எண்ணும் எண்ணம் பிறவாது.