பழைய பாட்டுப்பெட்டியும் பதிப்பாசிரியன் கடமையும்



கரிசல் வீட்டுப் பரணிலிருந்து கிராமபோன் பெட்டி ஒன்று இறக்கப்பட்டால், அதைப் புதிதுபோல் ஆக்கலாமா என்றே வீட்டார் முதலில் வினவுவர். மீண்டும் பாடுமா என்ற வினாவே முந்தியிருக்க வேண்டும். செங்கோட்டை கிட்டப்பா 1933இல் தம் 27ஆம் வயதில் மறைந்தார். திரைப்படம் எதிலும் நடித்தாரில்லை. பக்கத்துக்கு மூன்று நிமிட அளவே பாடும் அரக்குத் தட்டுகளில்தான் அவர் குரல் எஞ்சியுள்ளது.

அத்தட்டுகளைப் பாடவைத்த பெட்டியில் நாளடைவில் பழுதாவன சில. சுருள்வில்லில் இட்ட கிரீஸ் இறுகிவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று என வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் கயத்தாற்றுக் காற்றின் புழுதி அடையும். சவுண்ட் பாக்ஸில் மைக்காத் தகட்டைத் தாங்கும் ரப்பர் வளையம் கல்லாகும். இவற்றைத் துடைப்பதும் மாற்றுவதும் தகும். மாற்றாவிடில் பெட்டி ஊமை.

மரத்தை இழைத்து வார்னிஷ் பூசுவதும், மங்கிய வணிகச் சின்னத்தைப் புதிதாய் எழுதுவதும் வேறு செயல்கள். ஸ்பிரிட்டால் துடைப்பதோ கேடு. பெட்டியின் பழைய மெருகும் பெரும்பாலும் அரக்கு, தட்டிலும் அரக்கு. இரண்டையும் அது கரைத்துவிடும். பித்தளைக் குழல் பளபளக்கச் சந்தைக்கு வரும் பெட்டிகளுள் பல, பழைய மோட்டாரின்மேல் அண்மையில் கட்டப்பட்டவை. கண்ணுக்கு அழகுதான், பிறப்புச் சான்றிதழ்தான் பொய்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. எழுதி நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமலா? இடைவெளியை இடைவெளியாகவே விட்டார். ஆயினும் ஏட்டில் இல்லாத புள்ளியை மெய்யெழுத்துக்கு இட்டு அச்சேற்றுவதைப் பிழை என்பார் எவருமிலர். அஃதின்றி ஏடு படிக்க வாராது. ரப்பர் வளையம் அந்தப் புள்ளி. புது வார்னிஷ், பதிப்பாசிரியன் தானே பாடிச் சேர்த்த அடி.

பெட்டி பாடத் தொடங்கியபின் ஆசை ஒன்று எழும்: கைவசமுள்ள ஒரே கிட்டப்பா தட்டை அதில் ஒலிக்கவிடுவது. பழைய சவுண்ட் பாக்ஸின் எடை முழுதும் எஃகு ஊசி வழியே தட்டின்மேல் இறங்கும். ஒவ்வொரு முறையும் பள்ளம் சிறிது தேயும். அரிய தட்டை எடை குறைந்த மின்முள் கொண்டு படியெடுத்துவிட்டு, பெட்டிக்கு எளிதில் கிடைக்கும் தட்டைத் தரலாம். கழற்றிய வளையத்தையும் விரிந்த மைக்காவையும் எறியாமல் ஓர் உறையிலிட்டு, மாற்றிய நாளைக் குறித்து, பெட்டிக்குள்ளேயே வைத்தல் வேண்டும்.